ஜெனரேட்டருக்கு பைக் ஆயில் ஊத்தலாமா? மதுரை வெயிலுக்கு எந்த இன்ஜின் ஆயில் சரி?

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மதுரையில் சின்ன ஜெனரேட்டர்களுக்கு ஓய்வே கிடையாது. தமுக்கம், அழகர்கோவில் சாலை, வைகைக் கரை என அழகர் வரும் வழியெங்கும் முளைக்கும் தற்காலிகக் கடைகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருக்கும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் ஊர்ப் பொங்கல், கிடா வெட்டு, காதுகுத்து என்றாலும் இதே கதைதான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் அதுதான் அன்றைய வியாபாரம்.

2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது அவசரத்துக்கு வாங்கி, இன்றைக்கும் திருவிழாவுக்குத் திருவிழா வெளியே வரும் மெஷின்களும் உண்டு.

இந்த மெஷின்களுக்கு என்ன ஆயில் ஊற்றுவது என்பதில்தான் குழப்பம். கம்பெனி மேனுவல் '10டபிள்யூ-30' என்கிறது. கடையில் 'பைக் ஆயிலே போதும்ணே' என்று 20டபிள்யூ-40 பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். மெக்கானிக்கோ 'நம்ம வெயிலுக்கு நாற்பது நம்பர்தான் நிக்கும்' என்கிறார். யார் சொல்வது சரி?

பெட்ரோலில் ஓடும் 4 ஸ்ட்ரோக் ஜெனரேட்டர் என்றால் 10டபிள்யூ-30, தரக் குறியீடு 'எஸ்.ஜே' அல்லது அதற்குப் பிந்தையது. ஹோண்டா போன்ற நிறுவனங்கள் பொதுப் பயன்பாட்டுக்குச் சொல்வது இதைத்தான். ஆனால் கடைக்காரரும் மெக்கானிக்கும் சொல்வது முழுத் தவறும் இல்லை. எந்த நம்பர் என்று அரை மணி நேரம் விவாதிக்கிறோம். இன்ஜின் ஜாம் ஆவது பெரும்பாலும் வேறு காரணத்தால்.

பாட்டிலில் இருக்கும் அந்த நம்பர் என்ன சொல்கிறது?

10டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் 'வின்டர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் குளிரிலும் எளிதாக ஓடும். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

மைனஸ் 15 டிகிரி! மார்கழி விடியற்காலையில்கூட மதுரையில் வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே 10-ஆ, 20-ஆ என்ற முதல் எண் காஷ்மீர்க்காரர்களுக்குத்தான் தலைவலி. நமக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சீசனுக்குக் கொடைக்கானலில் கடை போடுகிறவர்கள் வேண்டுமானால் கவனிக்கலாம். அங்கே அதிகாலையில் 20டபிள்யூ ஆயில் கொஞ்சம் இறுக்கம் காட்டும். கயிறு இழுக்கும் கைக்கு அது தெரியும்.

மதுரைக்கு முக்கியம் இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் காட்டுவது இதுதான். 30 என்று போட்டிருந்தால் அந்தச் சூட்டில் அதன் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. அதாவது 40 நம்பர் ஆயில் சூட்டிலும் சற்றுக் கெட்டியாக இருக்கும்.

அப்படியென்றால் மெக்கானிக் சொன்னது சரிதானே? பாதி சரி. மே மாதத்தில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். அந்தச் சூட்டில் 30-க்குப் பதில் 40 ஊற்றினால் ஆயில் படலம் இன்னும் கொஞ்சம் தடிமனாக நிற்கும், உண்மைதான். ஆனால் 'கெட்டியா இருந்தா நல்லது' என்ற கணக்கு ஒரு எல்லைக்கு மேல் செல்லாது. அதற்குக் காரணம் இந்த இன்ஜினின் அமைப்பு.

கரண்டியால் அள்ளித் தெளிக்கும் இன்ஜின்

காரில் ஆயிலை அழுத்தித் தள்ள ஒரு பம்ப் இருக்கும், வடிகட்ட ஃபில்டர் இருக்கும். சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் இரண்டும் கிடையாது. பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும், அவ்வளவுதான். அது ஒவ்வொரு சுற்றிலும் அடியில் தேங்கியிருக்கும் ஆயிலில் முங்கி, அள்ளி, உள்ளே எல்லாப் பக்கமும் தெளிக்கும்.

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைக் கொடுக்க வழக்கமான போர்ட்டபிள் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். இன்வெர்ட்டர் வகை மட்டும் லோடைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மணிக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் சுற்று. பைக் சிக்னலில் நின்று மூச்சு வாங்கும். ஜெனரேட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரும் கிடையாது. காற்றாலும், உள்ளே தெளிக்கும் ஆயிலாலும்தான் சூடு தணிய வேண்டும்.

ரொம்பக் கெட்டியான ஆயிலைக் கரண்டி அள்ளித் தெளிப்பது சிரமம். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடங்களில் மேல்பக்கம் காய்ந்தே ஓடும். புகை அடிக்கும் பழைய மெஷினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றி அனுப்புவதும் நடக்கிறது. புகை கொஞ்சம் அடங்கும். ஆனால் தேய்ந்த பிஸ்டன் ரிங் தேய்ந்தபடியேதான் உள்ளே இருக்கும். அது வைத்தியம் இல்லை, மறைப்பு.

ஆயிலைப் பற்றிப் பேசும்போது மெஷின் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சத்தம் கேட்கக் கூடாது என்று தகரப் பெட்டிக்குள் அடைப்பது, தார்ப்பாய் போட்டு மூடுவது என்று செய்தால், இன்ஜின் தான் வெளியே விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். அந்த நிலையில் எந்த உயர் ரக ஆயிலும் சீக்கிரம் கருகிப்போகும். சுற்றிலும் மூன்றடியாவது காலியாக விடுவது நல்லது. வீட்டுக்குள்ளோ, ஷட்டர் இறக்கிய கடைக்குள்ளோ ஓட்டவே கூடாது. அது ஆயில் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரி, பைக் ஆயில் ஊத்தலாமா?

பைக் ஆயில் விஷம் அல்ல. பைக்கில் கிளட்ச்சும் கியரும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கும். கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காகப் பைக் ஆயிலைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். பாட்டிலில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ2' என்று இருப்பது அதற்கான அடையாளம். ஜெனரேட்டரில் கிளட்ச்சே இல்லை. அதனால் இந்தக் குறியீடு அதற்குத் தேவையும் இல்லை, அதனால் கெடுதலும் இல்லை.

20டபிள்யூ-40 பைக் ஆயில், மதுரை போன்ற வெப்பமான ஊரில் 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டிவிடும். மெஷின் புதிது, வாரண்டி இருக்கிறது என்றால் மட்டும் மேனுவலில் போட்டிருக்கும் கிரேடைத் தாண்ட வேண்டாம். மேனுவலில் வெப்பநிலை வாரியாக ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ஊர் வெயிலுக்கு நேரே என்ன இருக்கிறதோ அதை ஊற்றினால் சர்வீஸ் சென்டரில் யாரும் கேள்வி கேட்க முடியாது. பல மேனுவல்களில் வெயில் ஊர்களுக்கு 'எஸ்.ஏ.இ 30' என்ற ஒற்றை எண் ஆயிலும் அனுமதிக்கப்பட்டிருக்கும்.

இதில் இன்னொரு விஷயம். ஜெனரேட்டருக்கு வாங்கிய 10டபிள்யூ-30 கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். கார் ஆயில் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கல் தன்மையைக் கூட்டியிருப்பார்கள். பைக் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் வரும், வண்டி போகாது.

'எஸ்' என்றால் பெட்ரோல், 'சி' என்றால் டீசல்

நம்பருக்குப் பக்கத்தில் ஏ.பி.ஐ என்று போட்டு இரண்டு எழுத்துகள் இருக்கும். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் வகுத்த தரக் குறியீடு இது. முதல் எழுத்து 'எஸ்' என்றால் பெட்ரோல் இன்ஜினுக்கு. 'சி' என்றால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போகத் தரம் புதியது. எஸ்.ஜே 1990-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. எஸ்.எல் 2001, எஸ்.என் 2010, எஸ்.பி 2020.

பழைய மெஷினின் மேனுவலில் எஸ்.ஜி என்றோ எஸ்.ஜே என்றோ இருக்கும், கடையில் எஸ்.என்தான் கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கலாம். புதிய குறியீடு பழையதற்கும் பொருந்தும். தலைகீழாகத்தான் போகக் கூடாது. எழுத்தே இல்லாத பாட்டிலை, அல்லது எஸ்.எஃப் போன்ற ரொம்பப் பழைய தரத்தை, விலை குறைவு என்று எடுக்க வேண்டாம்.

டீசல் ஜெனரேட்டருக்குக் கதை வேறு. 15டபிள்யூ-40, சி.எச்-4 அல்லது சி.ஐ-4 என்ற வகை ஆயில்தான் பொதுவாகச் சொல்லப்படும். டீசல் எரியும்போது வரும் கரியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் அதில் அதிகம். 'எஸ்.என்/சி.எஃப்' என்று இரண்டும் போட்ட பாட்டில்களும் உண்டு. அதில் முதலில் இருப்பது எதுவோ அதுதான் அந்த ஆயிலின் முக்கியமான வேலை.

இன்ஜினைக் கொல்வது எது?

வழக்கமான 2 முதல் 3 கிலோவாட் ஜெனரேட்டருக்குள் இருக்கும் மொத்த ஆயில் ஏறக்குறைய 600 மில்லி. 1 கிலோவாட் சின்ன மெஷின்கள் சிலவற்றில் 250 மில்லிதான், ஒரு டம்ளர் அளவு. இந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் மணிக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் சுற்று. காரில் மூன்று நான்கு லிட்டர் இருக்கும். 100 மில்லி குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஜெனரேட்டரில் 100 மில்லி குறைந்தால் ஆறில் ஒரு பங்கு காலி. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. பிறகு சில நிமிடம்தான். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், கனெக்டிங் ராடு உடையும். போர் போட்டு, பிஸ்டன் மாற்றிச் சரிசெய்கிற செலவில் வருடக்கணக்குக்கு ஆயில் வாங்கிவிடலாம். திருவிழா நேரத்தில் நின்றால் அன்றைய மாவும் பாலும் வீண், அது தனி.

இதற்குத்தான் பல மெஷின்களில் 'ஆயில் அலர்ட்' என்ற சென்சார் வைத்திருக்கிறார்கள். ஆயில் குறைந்தால் தானாக நின்றுவிடும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சாய்வான இடத்தில் வைத்தாலும் இதே மாதிரி நிற்கும், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால். ரோட்டோரச் சரிவிலும், ஆற்றங்கரை மணலிலும், ஒரு டயர் இறங்கிய தள்ளுவண்டியிலும் இது அடிக்கடி நடக்கும்.

வியாபார நேரத்தில் மெஷின் அடிக்கடி நிற்கிறது என்றால் என்ன செய்கிறார்கள்? சென்சார் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள். மெஷின் 'சரியாகிவிடும்'. ஜெனரேட்டருக்குச் செய்யும் துரோகங்களில் இதைவிடப் பெரியது இல்லை. உங்கள் மெஷினில் மஞ்சள் ஒயரோ வேறு ஒயரோ இன்ஜின் அடிப்பக்கம் தனியாகத் தொங்கினால், எதற்கானது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மட்டமான பலகை ஒன்றின் மேல் மெஷினை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புதிய மெஷின் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: பல ஜெனரேட்டர்கள் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். ஆன்லைனில் வாங்கி, பெட்ரோலை மட்டும் ஊற்றிக் கயிறு இழுக்கக் கூடாது. முதலில் ஆயில், பிறகுதான் பெட்ரோல்.

100 மணி நேரக் கணக்கு

ஆயில் மாற்ற ஹோண்டா மேனுவல்கள் சொல்லும் கணக்கு: முதல் முறை 20 மணி நேரம் ஓடியதும், அல்லது ஒரு மாதத்தில். அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எது முதலில் வருகிறதோ அது. முதல் 20 மணி நேரம் முக்கியம். புது இன்ஜினில் உரசி விழும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கும். வடிகட்ட ஃபில்டர் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கம் 'வருஷத்துக்கு ஒருதடவை, ஆயுத பூஜைக்கு' என்பது. மாதம் ஒரு நாள் பராமரிப்பு மின்தடைக்கு மட்டும் ஓட்டுகிற கடைக்கே அது போதாது. தெப்பக்குளம் பக்கம் தினமும் மாலை 5 மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டிக் கடை நடத்துபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 20 நாளில் 100 மணி நேரம் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரே ஆயிலில் 1,800 மணி நேரம். அந்த ஆயில் 10டபிள்யூ-30 ஆக இருந்தால் என்ன, 20டபிள்யூ-40 ஆக இருந்தால் என்ன? அது ஆயிலாகவே இருக்காது.

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள், செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் மெஷினுக்கு ஒரே வாரத்தில் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிடும். புயல், வெள்ளம் என்று தயாராகும்போது பெட்ரோல் கேனோடு ஒரு லிட்டர் ஆயிலும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மணி நேரத்தைக் கணக்கு வைப்பது சிரமம் என்றால், டேங்கில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, ஆயில் மாற்றிய தேதியை எழுதுங்கள். எத்தனை டேங்க் பெட்ரோல் ஆனது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். உங்கள் மெஷின் ஒரு டேங்குக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள், 2 ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள்

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய மெஷின்களில், முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை வந்தால் 100 மணி நேரம் வரை காத்திருக்காமல் அப்போதே மாற்ற வேண்டும்.

இன்ஜின் அடியில் ஆயில் ஊற்றும் மூடியே இல்லை என்றால் அது 2 ஸ்ட்ரோக் மெஷின். அதற்குப் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும். அளவு மேனுவலில் இருக்கும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பிராண்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சர்வோ, ஹெச்.பி, மேக், காஸ்ட்ரால் என எதுவாக இருந்தாலும் எண்ணும் எழுத்தும் பொருந்தினால் போதும். கவலைப்பட வேண்டியது லூஸ் ஆயிலைப் பற்றி. பேரலில் இருந்து பழைய பாட்டிலில் பிடித்துத் தரும் ஆயிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள்.

சிந்தெடிக் ஆயில் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆவியாவது குறைவு. தினமும் மணிக்கணக்கில் முழு லோடில் ஓட்டுபவர்களுக்குப் பலன் உண்டு. ஆனால் 'சிந்தெடிக் ஊத்திட்டேன், 300 மணி நேரம் தாங்கும்' என்று தள்ளிப்போட முடியாது. கரியும் துகளும் சேர்வது ஆயிலின் விலையைப் பார்த்து நிற்காது. மாதத்தில் ஒரு நாள் ஓட்டுகிற வீட்டுக்குச் சாதாரண மினரல் ஆயிலே போதும். அந்தப் பணத்தில் இரண்டு தடவை மாற்றிவிடலாம்.

மாற்றும்போது

ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போதே ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் கசடும் சேர்ந்து இறங்கும். பிறகு மட்டமான தரையில் வைத்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை மரையில் திருகாமல் சும்மா செருகிப் பார்க்கச் சொல்வது ஹோண்டா முறை. வேறு கம்பெனி மெஷின் என்றால் மேனுவலைப் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சின்ன வித்தியாசத்தில் அளவு மாறிவிடும். 'இருக்கட்டும்' என்று வழிய வழிய ஊற்றுவதும் தப்பு. கூடுதல் ஆயில் ஏர் ஃபில்டருக்கு ஏறி வெள்ளைப் புகையாகக் கக்கும். ஆட்டோவில் ஜெனரேட்டரைப் படுக்கப்போட்டு ஏற்றி வந்தாலும் அதேதான் நடக்கும்.

வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படியும் தவறு. பயன்படுத்திய ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. செல்லூரில் சாக்கடையில் ஊற்றினால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக அது வைகைக்குத்தான் போகும். பழைய ஆயில் பாட்டிலிலேயே ஊற்றி மூடி, பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் கொடுத்தால் அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் பேரலில் வாங்கிக்கொள்வார்கள்.